ஓஎஸ்/2-ஐக் கொன்றது யார்? மைக்ரோசாஃப்ட்டா, ஐபிஎம்மா, அந்த 286 சிப்பா?

#1 · வெண்கலப்பானை

போன ஞாயிறு பரணைச் சுத்தம் செய்தபோது பழைய அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஓஎஸ்/2 வார்ப் 3. ப்ளாப்பிகள் எல்லாம் கட்டாக இருக்கின்றன, கட்டியிருந்த ரப்பர் பேண்டு மட்டும் உருகி மேல் ப்ளாப்பியில் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகன் வந்து "இது என்னப்பா" என்றான். உலகத்துக் கணினிகளையெல்லாம் ஆளப்போவதாகச் சொல்லப்பட்ட இயங்குதளம் என்றேன். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு ஐந்தாவது நிமிடமே போனை எடுத்துவிட்டான். அவனிடம் முடிக்காததை இங்கே கொட்டுகிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வரி வரலாறு. 1985 ஆகஸ்டில் ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து, அன்றைய பிசிகளில் ஓடிய டாஸுக்கு அடுத்த இயங்குதளத்தை எழுதுவதாக ஒப்பந்தம் போட்டன. 1987 ஏப்ரல் 2 அன்று ஐபிஎம்மின் புதிய பிஎஸ்/2 கணினிகளோடு சேர்த்து ஓஎஸ்/2 அறிவிக்கப்பட்டது. அன்று கிளம்பிய பில்டப் கொஞ்சநஞ்சமல்ல. டாஸ் செத்தது, இனி எல்லோரும் இதற்குத்தான் மாறவேண்டும் என்று எழுதாத கணினிப் பத்திரிகை இல்லை. பில் கேட்ஸே ஒரு முன்னுரையில், எல்லாக் காலத்துக்கும் மிக முக்கியமான இயங்குதளம் இதுவாகத்தான் இருக்கும் என்ற பொருளில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் சரக்கு வந்தது. 325 டாலர் கொடுத்து வாங்கிப் பெட்டியைப் பிரித்தால், திரையில் டாஸ் மாதிரியே கறுப்பில் எழுத்து. ஜன்னல்கள் இல்லை, மௌஸால் செய்ய ஒன்றுமில்லை. அந்த வரைகலை முகப்பு, பிரசன்டேஷன் மேனேஜர், 1988 அக்டோபர் கடைசியில் 1.1 பதிப்போடுதான் வந்தது.

மைக்ரோசாஃப்ட் துரோகம் செய்தது, அதனால் செத்தது என்று இந்தத் தளத்திலேயே பலர் எழுதிப் பார்த்திருக்கிறேன். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். குழி தோண்டியது ஐபிஎம். மைக்ரோசாஃப்ட் மண்ணைத் தள்ளியது, அவ்வளவுதான்.

#2 · செமிகோலன்

சரி, நான் ஆரம்பிக்கிறேன். முதல் குற்றவாளி 286.

1984-ல் வந்த ஐபிஎம்மின் பிசி ஏடி கணினியில் இருந்தது இன்டெல்லின் 286 சிப். அதற்கு இரண்டு நிலைகள். ஒன்று ரியல் மோட், டாஸ் ஓடுவது இதில்தான், ஒரு எம்பிக்கு மேல் எட்டாது. இன்னொன்று புரொடெக்டட் மோட், 16 எம்பி வரை போகும், ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தைக் கெடுக்க முடியாது. ஓஎஸ்/2-க்கு வேண்டியது இரண்டாவது. வாடிக்கையாளரிடம் இருந்த மென்பொருளெல்லாம் முதலாவதில் ஓடுபவை. கோளாறு எங்கே என்றால், இந்த சிப்பில் புரொடெக்டட் மோடுக்குள் நுழையக் கட்டளை உண்டு, திரும்பி வரக் கட்டளை இல்லை! யாரும் திரும்பி வர ஆசைப்படமாட்டார்கள் என்று இன்டெல்காரர்கள் நினைத்துவிட்டார்கள். வெளியே வர ஒரே வழி சிப்பை ரீசெட் செய்வது. முதலில் விசைப்பலகைக் கட்டுப்பாட்டு சிப்பைக் கேட்டு ரீசெட் செய்வார்கள், அது மெதுவாக இருந்ததால் வேண்டுமென்றே அடுத்தடுத்துப் பிழைகளை உண்டாக்கி சிப்பைத் தானாக விழவைத்து எழுப்பும் தந்திரம் வந்தது. ஓஎஸ்/2-இல் ஒரு டாஸ் நிரலைத் திறந்து வைத்துவிட்டு இங்கும் அங்கும் மாறினால், உள்ளே சிப் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

அப்படியும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு டாஸ் நிரல்தான். டாஸ் நிரல் ஓடிய அந்த ஒற்றை இடத்துக்கு ஆட்கள் வைத்த பெயர் தண்டனைப் பெட்டி.

#3 · கார்த்திகை_96

அண்ணா, ஒரு சந்தேகம். 1987-இல் அடுத்த சிப்பான 386 வந்துவிட்டதே? நேரே அதற்கு எழுதியிருக்கலாமே, ஏன் 286-ஐக் கட்டிக்கொண்டு அழுதார்கள்?

#4 · செமிகோலன்

நல்ல கேள்வி தம்பி, மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. 386 வந்தது 1985 அக்டோபரில். அதில் டாஸ் நிரல்களைத் தனித்தனிக் கூண்டில் போட்டு ஒரே சமயத்தில் பலவற்றை ஓட்ட வசதி உண்டு, செத்துப் பிழைக்கும் வேலையெல்லாம் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட்டில் பலர் 386-க்கே போய்விடலாம் என்றார்கள். ஐபிஎம் மறுத்தது. ஏடி வாங்கிய பெரிய கம்பெனிகளிடம், உங்கள் 286 வீணாகாது, இதற்கு ஒரு நல்ல இயங்குதளம் வரும் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஐபிஎம்மைப் பொறுத்தவரை வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு வேதவாக்கு. மெயின்ஃப்ரேம் என்ற பெரும்பொறிகளை விற்று வளர்ந்த கம்பெனி அல்லவா. 386 வைத்த கணினியையே ஐபிஎம் முதலில் செய்யவில்லை, 1986 செப்டம்பரில் காம்பேக் முந்திக்கொண்டது.

#5 · வெண்கலப்பானை

இதைத்தான் நான் சொல்லவந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய் ஐந்து வருடம் போனது. 386-க்கென்று எழுதிய 32-பிட் ஓஎஸ்/2 2.0 வெளிவந்தபோது 1992 வசந்தம். அதற்குள் ஊர் பாதி வேறு பக்கம் சாய்ந்துவிட்டது.

இன்னொன்று, ரேம். 1.1 பதிப்பு நிம்மதியாக ஓட மூன்று நான்கு எம்பி வேண்டும். அது வந்த 1988-இல்தான் உலகம் முழுக்க ரேம் தட்டுப்பாடு, 1986-இல் அமெரிக்காவும் ஜப்பானும் போட்ட சிப் ஒப்பந்தத்துக்குப் பிறகு விலை எகிறி நின்ற நேரம். 325 டாலர் இயங்குதளத்துக்கு அதைவிடப் பல மடங்கு விலையில் ரேம் வாங்கச் சொன்னால் எந்த அலுவலகம் கேட்கும்? போதாததற்குப் பெயர்க் குழப்பம். பிஎஸ்/2, ஓஎஸ்/2 என்று ஜோடியாக வைத்ததால், இது ஐபிஎம் கணினியில் மட்டும்தான் ஓடும் என்று பாதிப் பேர் நம்பினார்கள்.

#6 · ஈரவேட்டி

எல்லாப் பழியையும் ஐபிஎம் தலையில் கட்டாதீர்கள் சார். லோட்டஸ், வேர்ட்பெர்ஃபெக்ட் கதையை மறந்துவிட்டீர்களா? அந்த இரண்டும்தான் அன்றைய ராஜாக்கள். எதிர்காலம் ஓஎஸ்/2 என்று மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்துதான் மேடையில் சொன்னது. நம்பி இறங்கினார்கள். லோட்டஸ் தன் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருளை ஓஎஸ்/2-க்கு வரைகலையில் மறுபடி எழுதியது. 1989 நவம்பர் காம்டெக்ஸ் கண்காட்சியில்கூட இரண்டு கம்பெனியும் ஒன்றாக நின்று, சின்னக் கணினிகளுக்கு விண்டோஸ், பெரியவற்றுக்கு ஓஎஸ்/2 என்று அறிவித்தன. ஆறே மாதத்தில், 1990 மே 22, விண்டோஸ் 3.0 வந்து பிய்த்துக்கொண்டு போனது. அன்று விண்டோஸில் உருப்படியாக ஓடிய அலுவலக மென்பொருள் யாருடையது? எக்செல், வேர்ட். வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற ஆவணம் எழுதும் மென்பொருள் விண்டோஸுக்கு வந்து சேர 1991 நவம்பர் ஆனது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை இதைவிடப் பொருத்தமாக வேறு எங்கும் கிடையாது.

#7 · செமிகோலன்

ஈரவேட்டி, பாதி சரி. ஆனால் மைக்ரோசாஃப்ட் முதலிலிருந்தே திட்டம் போட்டு ஏமாற்றியது என்றால் நம்ப முடியவில்லை. விண்டோஸ் 3.0 பிறந்த விதத்தைப் பாருங்கள். 1988 கோடையில் அரிசோனா பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் மரே சார்ஜென்ட் மைக்ரோசாஃப்ட்டுக்கு வேலைக்கு வந்திருந்தார். அவர் கையில் சொந்தமாக எழுதிய டீபக்கர், அதாவது நிரல் பிழை தேடும் கருவி, ஒன்று இருந்தது. ஒரு விருந்தில் டேவிட் வைஸ் என்ற விண்டோஸ் ஆளோடு பேச்சு. அந்த டீபக்கரை வைத்து விண்டோஸைப் புரொடெக்டட் மோடில் ஓடவைக்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்தார்கள். ஓடியது! ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் பெரும்படையை வைத்துக்கொண்டு டாஸ் நிரல்களுக்கு 640 கேபி நினைவகம்தான் என்ற எந்தச் சுவரை உடைக்கப் போராடினவோ, அதை மூலையில் இரண்டு பேர் உடைத்துவிட்டார்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் கேட்ஸும் மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு தலையான பால்மரும் விண்டோஸ் பக்கம் முழுசாகத் திரும்பினார்கள். அதுவரை கம்பெனியின் நல்ல ஆட்களெல்லாம் ஓஎஸ்/2 குழுவில்தான் இருந்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை, ஐபிஎம் பக்கம் வேலையை அளந்த விதம். எத்தனை ஆயிரம் வரி எழுதினாய் என்பதுதான் கணக்கு. ஒருவன் நாலாயிரம் வரியை நானூறாகச் சுருக்கி வேகமாக்கினால் அவன் வேலை செய்யவில்லை என்று பொருள். பால்மர் பின்னாளில் தொலைக்காட்சியில் இதைச் சொல்லிப் புலம்பினார்.

#8 · மவுண்ட்ரோடு_மோடம்

வரலாறெல்லாம் இருக்கட்டும், இங்கே யாராவது இதைத் தினமும் ஓட்டினீர்களா? நான் ஓட்டினேன். 1995, சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. 486, எட்டு எம்பி. நாலு எம்பியில் ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரர் அதை நம்பி நாலில் போட்டார், ஹார்ட் டிஸ்க் விளக்கு காலையில் எரிய ஆரம்பித்தால் அவர் வீட்டுக்குக் கிளம்பும்வரை அணையாது. ரேம் போதாததை டிஸ்கில் கொட்டி வைக்க ஸ்வாப்பர்.டாட் என்று ஒரு கோப்பு, கண்ணெதிரே ஊதிக்கொண்டே போகும்.

நிறுவுவதே ஒரு நாள் வேலை. ஒவ்வொரு ப்ளாப்பியாக மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், சாதாரண 1.44 இல்லை, இடத்தை மிச்சப்படுத்த 1.84 எம்பி அடைக்கும் தனி வடிவம், கொஞ்சம் தூசி பட்டாலும் படிக்காது. பதினேழோ பதினெட்டோ போன பிறகு ஒன்று படிக்காமல் போய், முதலிலிருந்து ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. சரி, வந்த பிறகு? அடடா. மோடத்தில் ஒரு பக்கம் கோப்பு இறங்கும், இன்னொரு பக்கம் ப்ளாப்பி ஃபார்மேட் ஆகும், நான் பாட்டுக்கு டைப் அடிப்பேன். இன்றைய பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றும். விண்டோஸ் 3.1-இல் ப்ளாப்பி ஃபார்மேட் ஆரம்பித்தால் டீ குடிக்கப் போய்விட வேண்டியதுதான், இறங்கிக்கொண்டிருந்த கோப்பும் அறுந்துபோகும். வொர்க்பிளேஸ் ஷெல் என்ற அதன் திரை முகப்பு அதைவிட அழகு. வலது பட்டனால் இழுப்போம், வண்ணப் பலகையிலிருந்து ஒரு நிறத்தை இழுத்து ஜன்னல்மேல் போட்டால் அந்த ஜன்னல் நிறம் மாறும். ரெக்ஸ் என்ற நிரல்மொழி கூடவே வரும், அதில் நான் எழுதிய காப்பு நிரல் இரண்டு வருடம் தினமும் ஓடியது.

ஆனால் ஒரு சனியன் இருந்தது. விசைப்பலகை, மௌஸ் இரண்டிலிருந்தும் வருகிற எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஏதாவது ஒரு நிரல் தனக்கு வந்த செய்தியை எடுக்காமல் மலைத்து நின்றால் போச்சு, பின்னால் நிற்பவர் யாரும் நகர முடியாது. மௌஸ் அம்பு நகரும், எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது. காதை வைத்துக் கேட்டால் மோடம் கோப்பை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே இயங்குதளம் குத்துக்கல்லாக உயிரோடு இருக்கிறது, நாம்தான் வாசலில் மாட்டிக்கொண்டோம். கன்ட்ரோல் எஸ்கேப் அழுத்திவிட்டுச் சாமி கும்பிடுவேன். ஒருநாள் முக்கால்வாசி இறங்கிய கோப்பு முடியட்டும் என்று, உறைந்த திரைமுன் நாற்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், முடிந்ததும் ரீசெட். மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

#9 · கார்த்திகை_96

நாற்பது நிமிடமா 😂 இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் யாரும் அதற்கு மென்பொருள் எழுதவில்லை அண்ணே?

#10 · வெண்கலப்பானை

தம்பி, அங்கேதான் என் முக்கியமான குற்றச்சாட்டு இருக்கிறது. 2.0-க்கு ஐபிஎம் பிடித்த முழக்கம், டாஸைவிட நல்ல டாஸ், விண்டோஸைவிட நல்ல விண்டோஸ். உண்மைதான், விண்டோஸ் 3.x நிரல்களை அது தனிக் கூண்டுகளில் போட்டு ஓட்டும், ஒன்று விழுந்தால் மற்றவை தப்பிக்கும். ஆனால் நீ ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறாய் என்று வை. விண்டோஸுக்கு ஒரு தடவை எழுதினால் விண்டோஸிலும் ஓடும், ஓஎஸ்/2-இலும் ஓடும். ஓஎஸ்/2-க்கு எழுதினால் அதில் மட்டும்தான் ஓடும். எதற்கு எழுதுவாய்? ஆரம்பத்திலேயே நிரல் எழுதும் கருவித்தொகுப்புக்கு மைக்ரோசாஃப்ட் 3000 டாலர் கேட்டுச் சின்ன ஆட்களை விரட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்களை இந்த முழக்கம் விரட்டியது. விளம்பரக் காசையெல்லாம் கொட்டி எதிராளியின் மேடையைத்தான் பெரிதாக்கினார்கள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். போதாததற்கு, உள்ளே இருந்த விண்டோஸ் நிரல்வரிகளுக்காக ஒவ்வொரு பிரதிக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கு ராயல்டி வேறு கட்டினார்கள். அதைத் தவிர்க்கத்தான், ஏற்கெனவே கணினியில் இருக்கும் விண்டோஸையே எடுத்துப் பயன்படுத்தும் பதிப்பை 1993-இல் கொண்டுவந்தார்கள். அதற்கு உள்ளே வைத்த பெயர் ஃபெரங்கி. ஸ்டார் டிரெக் பார்த்தவர்களுக்குத் தெரியும், காசே குறியான வியாபாரக் கூட்டம் அது.

#11 · ஈரவேட்டி

வியாபாரக் கூட்டம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். 1999-இல் மைக்ரோசாஃப்ட்மீது அமெரிக்க அரசு நடத்திய வழக்கில் ஐபிஎம்மின் கேரி நோரிஸ் சாட்சி சொன்னாரே, அதையும் பேசுங்கள். ஓஎஸ்/2-ஐ விற்க முயல்வதை ஐபிஎம் குறைத்தால் விண்டோஸ் விலையில் சலுகை, இல்லையென்றால் இழுத்தடிப்பு. 1995 ஆகஸ்ட் 24 விண்டோஸ் 95 வெளியீட்டு விழா. ஐபிஎம்மின் கணினிப் பிரிவுக்கு உரிமம் கையெழுத்தானது அந்த விழா தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது. மற்ற கம்பெனிகளெல்லாம் கணினியில் ஏற்றி அடுக்கி வைத்தாயிற்று, பள்ளி திறக்கும் பருவ விற்பனை முழுக்க ஐபிஎம்முக்குப் போனது. வழக்கை விசாரித்த நீதிபதி ஜாக்சன் 1999 நவம்பரில் தன் முடிவுகளில் இதையெல்லாம் உண்மை என்றே எழுதினார். 2005-இல் மைக்ரோசாஃப்ட் ஐபிஎம்முக்கு 77.5 கோடி டாலர் ரொக்கம் கொடுத்துச் சமாதானமானது. ஒன்றுமே செய்யாதவன் இவ்வளவு கொடுப்பானா சார்?

#12 · வெண்கலப்பானை

கொடுக்கமாட்டான், ஒத்துக்கொள்கிறேன். இதை நான் முதல் பதிவில் குறைத்துத்தான் எழுதிவிட்டேன். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பாருங்கள். ஒரு கை ஓஎஸ்/2 விற்கிறது, இன்னொரு கை விண்டோஸ் உரிமத்துக்காக வாசலில் நிற்கிறது, இரண்டும் ஐபிஎம்மின் கைதான். தன் கணினியிலேயே தன் இயங்குதளத்தை முதன்மையாக வைக்கத் துணியாத கம்பெனி, காம்பேக்கும் டெல்லும் வைக்கவேண்டும் என்று எதிர்பார்த்தது.

விளம்பரத்திலும் அதே குழப்பம். அரிசோனாவில் நடக்கும் ஃபியஸ்டா பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்துப் போட்டிக்கே ஐபிஎம் ஓஎஸ்/2 ஃபியஸ்டா பௌல் என்று பெயர் வாங்கினார்கள். டிவியில் செக் மொழி பேசும் கன்னியாஸ்திரிகள் வரிசையாக நடந்துகொண்டே வார்ப் பற்றிப் பேசுவார்கள், ஒருவரின் பேஜர் கூவும். நல்ல விளம்பரம்தான், இன்றும் சிரிப்பு வரும். ஆனால் பார்த்தவனுக்கு இதை வாங்கி என்ன செய்வது என்று தெரியாது. அவன் கடைக்குப் போனால் கணினியில் விண்டோஸ் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

#13 · தாழ்வாரம்

தாமதமாக வந்தேன், மன்னிக்கவும். நான் வெளிநாட்டில் ஒரு வங்கியின் ஏடிஎம் பராமரிப்பில் இருந்தவன், வங்கிப் பெயர் வேண்டாம். 2000-க்குப் பிறகும் எங்கள் இயந்திரங்களில் ஓஎஸ்/2தான். செத்தது செத்தது என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், எனக்குச் சோறு போட்டது அதுதான். வாடிக்கையாளர் பார்க்கும் திரைக்குப் பின்னால் அது மாதக்கணக்கில் விழாமல் ஓடும். விழுந்தால் மட்டும் கறுப்புத் திரையில் டிராப் 000இ என்று ஒரு பட்டியல் எண்கள் வரும், யாராவது அதைப் படம் எடுத்து அனுப்புவார்கள், நான் வண்டியை எடுப்பேன். பெரும்பாலும் பணம் எண்ணும் பாகத்தில்தான் கோளாறு இருக்கும், இயங்குதளத்தில் இருக்காது. நியூயார்க் சுரங்க ரயிலின் மெட்ரோகார்டு அமைப்பிலும் இது பல ஆண்டு ஓடியது.

ஐபிஎம் 2005 டிசம்பர் 23-ஓடு விற்பனையை நிறுத்தியது, 2006 கடைசியில் ஆதரவையும். அப்புறமும் விடவில்லை, உரிமம் வாங்கி ஈகாம்ஸ்டேஷன் என்று விற்றார்கள், 2017-இல் ஆர்காஓஎஸ் வந்தது, 2023-இல் அதன் 5.1 பதிப்பு யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை உள்ள கணினிகளிலும் ஏறும்படி வந்துவிட்டது. பழைய தொழிற்சாலை இயந்திரங்களை வைத்துக்கொண்டு மாற்ற முடியாமல் இருப்பவர்கள் வாங்குகிறார்கள்.

#14 · செமிகோலன்

தாழ்வாரம் சார், அருமை. ஒரு சின்னச் சேர்க்கை. இன்றைய விண்டோஸின் மூதாதையான விண்டோஸ் என்டி பிறந்ததே ஓஎஸ்/2-இன் அடுத்த பதிப்பாகத்தான். டெக் கம்பெனியிலிருந்து 1988-இல் வந்த டேவ் கட்லரின் குழு அதை எழுத ஆரம்பித்தபோது திட்டத்தின் பெயர் என்டி ஓஎஸ்/2. விண்டோஸ் 3.0 ஓடியதைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாற்றினார்கள், 1993-இல் விண்டோஸ் என்டி 3.1 என்று வெளிவந்தது. விண்டோஸ் 2000 வரைக்கும் பழைய ஓஎஸ்/2 எழுத்து நிரல்களை ஓட்டும் பகுதி அதற்குள் இருந்தது.

கார்த்திகை தம்பி, லினக்ஸ் வைத்திருக்கிறாயா? விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றைச் செருகி, வட்டுப் பிரிவுகளைக் காட்டும் எஃப்டிஸ்க் பட்டியலைப் போட்டுப் பார். வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்.

#15 · கார்த்திகை_96

போட்டேன் அண்ணா. எண் 7. ஹெச்பிஎஃப்எஸ்/என்டிஎஃப்எஸ்/எக்ஸ்ஃபாட் என்று காட்டுகிறது. முதலில் இருப்பது என்ன? இத்தனை நாள் பார்த்திருக்கிறேன், கேட்கத் தோன்றவில்லை.

#16 · செமிகோலன்

அது ஓஎஸ்/2-இன் கோப்பு முறைமை. 1.2 பதிப்பில் வந்தது, மைக்ரோசாஃப்ட்டின் கார்டன் லெட்வின் வடிவமைத்தது. அதற்குக் கொடுத்த எண்ணையே என்டிஎஃப்எஸ்ஸும் எடுத்துக்கொண்டது, பின்னால் எக்ஸ்ஃபாட்டும்.

#17 · மவுண்ட்ரோடு_மோடம்

வெண்கலப்பானை சார், அந்த ரப்பர் பேண்டு ஒட்டிய ப்ளாப்பியைத் தேய்த்துக் கீய்த்து விடாதீர்கள். முதல் ப்ளாப்பி என்றால் மொத்தமும் போச்சு. என்னிடம் ஓடுகிற டிரைவ் ஒன்று இருக்கிறது, யுஎஸ்பி இல்லை, பழைய பட்டை ஒயர் போட்டது. இந்த வாரம் கொண்டுவரட்டுமா?

#18 · வெண்கலப்பானை

வாருங்கள். எட்டாம் எண் ப்ளாப்பிதான் மேலே இருந்தது. மகனையும் உட்காரவைக்கிறேன், ப்ளாப்பி மாற்ற ஆள் வேண்டுமே.